மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம்

பேருந்து நிலையத்தில் அவருக்குப் பெரிய முள் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் வைத்தவன் கண்ணுள்ளவன். ஆறடி உயரம், ஒட்டிய உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கால். டைம் கீப்பர் வேலைக்கென்றே அளவெடுத்துச் செய்த ஆள். முப்பத்தொரு வருடமாக அதே டைம் ஆபீஸ், அதே மர நாற்காலி, அதே மைக். நடைமேடைகளைப் பார்த்த கண்ணாடியில் அரைவட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். அதன் வழியாக டிரைவர்களும் கண்டக்டர்களும் டிரிப் ஷீட்டை நீட்டுவார்கள். புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, ஓரத்தில் விடையை எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார்.

அந்தக் கழித்தலுக்குப் பயப்படாத டிரைவர் கிடையாது. அறுபது கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு, சாவகாசமாக டீ குடிக்கலாம் என்ற சந்தோஷத்தில் ஒருவர் விசிலடித்துக்கொண்டு வருவார். பெரிய முள் ஷீட்டை ஒரு பார்வை பார்ப்பார். "மணிக்குத் தொண்ணூறு. உள்ள இருந்தது ஜனமா, மூட்டையா?" என்பார். அவ்வளவுதான், மெமோ. ஒரே வருடத்தில் இப்படி ஏழு மெமோ வாங்கிய டிரைவருக்கு ராக்கெட் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

லேட்டாக வந்தாலும் விடமாட்டார். தாமதத்துக்குக் காரணத்தை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். 'கடவுள் செயல்' என்று எழுதிய ஒருவரை, கடவுளிடமும் ஒரு கையெழுத்து வாங்கி வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார். இன்னும் சில கில்லாடிகள் பஸ்ஸில் மாட்டியிருக்கும் கடிகாரத்தையே பத்து நிமிடம் பின்னுக்குத் தள்ளிவைத்துவிட்டு, "எங்க கடிகாரத்துல சரியாத்தான் சார் இருக்கு" என்று அப்பாவியாக முகத்தை வைத்துக்கொள்வார்கள். அவரிடம் அந்தப் பாச்சாவெல்லாம் பலிக்காது.

வீட்டிலும் அவர்தான் கடிகாரம். அவர் மனைவி குள்ளம், நிதானம். நடந்தால் பூமிக்கு வலிக்காது. சாப்பாட்டுக் கூடையோடு அந்த அம்மா எப்போதாவது நிலையத்துக்கு வந்தால், "சின்ன முள் வருது" என்று கண்டக்டர்கள் கிசுகிசுப்பார்கள். அது அந்த அம்மா காதிலும் விழுந்திருக்கிறது. "சின்ன முள்ளுதாம்ப்பா மணி காட்டும். பெரிய முள்ளு சும்மா சுத்திக்கிட்டு இருக்கும்" என்று ஒருமுறை சொல்லி ராக்கெட்டின் வாயையே அடைத்தார்.

ஆனால் நேரம் என்று வந்துவிட்டால் கணவர் சொல்தான் அந்த அம்மாவுக்கு வேதவாக்கு. ஆறு பத்துக்கு வருவேன் என்று அவர் சொன்னால், ஆறு ஒன்பதுக்கு வாசல் கதவைத் திறந்துவிட்டு நிற்பார். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அது சிரிக்கும் கதை இல்லை.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் அந்த அம்மா ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சட்டைக்குப் பொத்தான் தைக்கும் பிரிவு. ஒரு சனிக்கிழமை மதியம் துணிக் கிடங்குக்குள் நூல்கண்டு எடுக்கப் போனார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் மேற்பார்வையாளர் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இருட்டு. சுற்றிலும் துணிக்கட்டு. கத்தினால் சத்தத்தைத் துணி தின்றுவிடுகிறது. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கி, கடைசியில் சாவியோடு சுற்றிவந்த காவலாளியின் காதில் விழ, அவர் வந்து திறந்தார். வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா, திங்கக்கிழமையா?"

ஓடிவந்த கணவர் வேலை முடிந்து சங்கு ஊதிய நேரத்தையும் பூட்டைத் திறந்த நேரத்தையும் விசாரித்துக் கழித்துப் பார்த்தார். மூன்று மணி பத்து நிமிடம்.

அன்றிலிருந்து மூடிய கதவு என்றால் அந்த அம்மாவுக்கு ஆகாது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடமாட்டார். பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டை ஒட்டிய இருக்கைதான். "அடைச்சு வச்சதுகூடப் பெருசில்லங்க. எப்பத் திறப்பாங்கன்னு தெரியாம கெடந்தேன் பாருங்க, அதுதான்" என்று கணவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். கணவர் சொல்லும் நேரத்தின் மீது அவருக்கு இவ்வளவு பிடிப்பு வந்தது அப்போதுதான்.

இப்படிப்பட்டவரை விமானத்தில் ஏற்ற வேண்டிய நிலைமை வந்தது. ஒரே மகள். கல்யாணமாகிக் கடல் தாண்டி இருக்கிறாள். இந்த ஊரும் ஆசியாதான், அந்த ஊரும் ஆசியாதான், இருந்தாலும் நடுவில் தண்ணீர் கிடக்கிறதே. எட்டு மாதம் முடியும்போது அவள் கால் இரண்டும் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. அவருக்கு அம்மாவும் இல்லை. "அம்மாவ அனுப்புப்பா. எனக்குப் பயமா இருக்கு" என்று மகள் போனில் அழுதாள். பெரிய முள் கூடவே போகலாமென்றால், இருவரும் ஒன்றாக விண்ணப்பித்ததில் மனைவியின் பாஸ்போர்ட் வந்துவிட்டது, அவருடையது வரவில்லை.

அந்த அம்மா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கணவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"கதவு எவ்வளவு நேரம் மூடியிருக்கும்?"

"எந்தக் கதவு?"

"பிளேன் கதவுதான். அன்னிக்கு அடைஞ்சு கெடந்தேனே, அதைவிடக் கம்மின்னா போறேன். கூடன்னா என்னால ஆகாது. செத்தாலும் ஏறமாட்டேன். பொண்ணுக்காகக்கூட முடியாதுங்க, என்ன மன்னிச்சிடுங்க."

பெற்ற மகளுக்காகக்கூட முடியாது என்று ஒரு தாய் சொல்வதென்றால் அந்தப் பயம் எப்பேர்ப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை அனுப்பியிருந்த டிக்கெட்டைப் பெரிய முள் போனில் திறந்தார். புறப்பாடு காலை பத்து மணி. வருகை பகல் பன்னிரண்டரை. அவர் கண்ணுக்கு அது டிரிப் ஷீட்டாகத்தான் தெரிந்தது. முப்பத்தொரு வருடப் பழக்கம், கண் பார்க்கும்போதே மனசு கழித்து முடித்துவிட்டது.

"ரெண்டரை மணி நேரம்" என்றார். "அன்னிக்கு இருந்ததைவிட நாப்பது நிமிஷம் கம்மி."

அந்த அம்மாவின் தோள் இறங்கியது. "நிச்சயமா?"

"நான் எப்பவாவது தப்பாச் சொல்லியிருக்கேனா?"

சொல்லியதில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அதோடு விட்டாரா? புது ரூட்டுக்குச் சோதனை ஓட்டம் விடுகிற மாதிரி மனைவிக்கும் ஒன்று ஏற்பாடு செய்தார். வீட்டின் பின்கட்டில் சாமான் போடும் அறை ஒன்று உண்டு. பழைய தையல் இயந்திரம், உடைந்த மின்விசிறி, இரண்டு பெட்டி. அதற்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு மனைவியை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, வெளியே கையில் கடிகாரத்தோடு அவரும் உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் பத்து நிமிடம். வியர்த்து நனைந்து வெளியே வந்தார் அந்த அம்மா. அடுத்த நாள் இருபது. பிறகு அரை மணி, ஒரு மணி. "பாதி ஆச்சு", "இன்னும் கால் மணி", "வந்தாச்சு, வந்தாச்சு" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். மூன்று வாரத்தில் முழுசாக இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினார்கள். அன்று உள்ளே உட்கார்ந்து மகளின் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்தே முடித்துவிட்டார். கடைசிப் பத்து நிமிடத்தில் தைத்த பொத்தான் மட்டும் கோணலாக விழுந்துவிட்டது.

புறப்படும் நாளன்று விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவி மணிக்கட்டில் கட்டிவிட்டார். பட்டை பெரிதாக இருந்ததால் நூலைச் சுற்றி இறுக்கினார். "இதைப் பாத்துக்கிட்டே இரு. பன்னெண்டரைக்குக் கதவு திறந்துடும்."

"திறக்கலன்னா?"

"திறக்கும்."

அந்த அம்மா தலையாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். திரும்பினால் வெளியே ஓடிவந்துவிடுவோம் என்று பயந்திருப்பார்.

பெரிய முள் பஸ் பிடித்து நிலையத்துக்கு வந்து, பத்தரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். மனசு லேசாக இருந்தது. போவோர் வருவோரிடமெல்லாம் வலியப் பேசினார். பதினொன்று பத்துக்கு ராக்கெட் டிரிப் ஷீட்டை நீட்டியபோது அதைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டதில் ராக்கெட்டே திகைத்துப்போனார்.

"என்ன சார், அம்மா கெளம்பியாச்சா?"

"இந்நேரம் பாதி வழி போயிருப்பா."

"எவ்வளவு தூரம் சார் இருக்கும்?"

"மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டராம். மாப்பிள்ளை சொன்னாரு."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டரை மணி நேரந்தான்" என்றார் பெரிய முள், தானே ஓட்டிப்போன மாதிரி.

ராக்கெட் மேலே பார்த்து உதட்டை அசைத்தார். ஏழு மெமோ வாங்கியவருக்குக் கணக்கு நன்றாகவே வந்திருந்தது. "அப்ப மணிக்கு ஆயிரத்து நானூத்து நாப்பது. நல்லா இருக்கு சார் நியாயம். எனக்குத் தொண்ணூறுக்கே மெமோ குடுத்தீங்க. அந்த பைலட்டுக்கு என்ன குடுப்பீங்க?"

பெரிய முள் சிரித்தார். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டார். விமானம் என்னதான் வேகமாகப் போனாலும் மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் என்று அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். ஆயிரத்து நானூற்று நாற்பது எங்கிருந்து வந்தது? அவர் ஒரு காகிதத்தை இழுத்துப் பத்து மணி என்று எழுதினார். பன்னிரண்டரை என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. பத்து மணி இந்த ஊர்க் கடிகாரம். பன்னிரண்டரை அந்த ஊர்க் கடிகாரம். மகள் ஊரில் இரண்டரை மணி நேரம் பின்னால் என்பது அவருக்குத் தெரியாத விஷயமா என்ன? தினமும் அவளுக்குப் போன் போடுமுன் அதைக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார், தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாதென்று. ஆனால் அவர் டிரிப் ஷீட்டில் எந்த பஸ்ஸும் ஒரு கடிகாரத்தில் புறப்பட்டு இன்னொரு கடிகாரத்தில் வந்து சேர்ந்ததில்லை.

ஐந்து மணி நேரம். கதவு திறக்கும்போது இந்த ஊரில் மூன்று மணியாகியிருக்கும்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "அஞ்சு மணி நேரம் மாமா. ஏன், அத்தைகிட்ட நீங்க சொல்லலையா?" என்றார் அவர் சாதாரணமாக. மனைவியின் போன் அணைந்திருந்தது. விமானக் கம்பெனியின் விசாரணை எண்ணைத் தேடிப்பிடித்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"பிளேன்ல போற ஒருத்தருக்கு ஒரு சேதி சொல்லணும்மா."

"என்ன விஷயம் சார்?"

"கதவு எப்பத் திறக்கும்னு நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"கதவ அவங்களே திறந்துடுவாங்க சார். நீங்க கவலைப்படாதீங்க" என்றாள் அவள் பொறுமையாக. பாவம், அவள் மீது குற்றமில்லை.

ராக்கெட்டுக்கு அன்றைய வேலை முடிந்திருந்தது. வீட்டுக்குப் போகாமல் டைம் ஆபீஸுக்குள் வந்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் முகம் மாறிவிட்டது. பன்னிரண்டரை நெருங்கியது. பெரிய முள் மைக்கைப் பிடித்து, "பன்னெண்டு முப்பதுக்குப் புறப்படும்..." என்று ஆரம்பித்தார். மனசு விமானத்துக்குள் போய்விட்டது. இந்த நிமிடம் அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள், கதவைப் பார்ப்பாள், அது திறக்காது. இப்போதுதான் அவளுக்கு அந்தத் துணிக் கிடங்கு. நான் பூட்டிவிட்டேன். அந்த மேற்பார்வையாளராவது தெரியாமல் பூட்டினார், நான் ஒத்திகை பார்த்துப் பூட்டியிருக்கிறேன். நிலையம் முழுக்க ஒலிபெருக்கியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. ராக்கெட் மைக்கைப் பிடுங்கி, தனக்குத் தெரிந்த வண்டிகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிவைத்தார். இரண்டு நாள் முன்பு நிறுத்திவிட்ட ஒரு வண்டியையும் சேர்த்துச் சொன்னதில் ஒரு கும்பல் ஐந்தாம் நடைமேடைக்கு ஓடி, திட்டிக்கொண்டே திரும்பியது.

"அவ இனிமே என்னை நம்பமாட்டா" என்றார் பெரிய முள். "நம்பாட்டிப் போறா. அவளுக்கு ஒண்ணும் ஆகாம இருந்தாப் போதும்."

"சார், எங்களையே ஒத்த வார்த்தைல உக்கார வச்சவங்க. ஒண்ணும் ஆகாது."

"கதவ மூடினா அவ படுற பாட்ட நீ பாத்ததில்லப்பா."

ராக்கெட் எழுந்து வெளியே போனார். டீ வாங்கிவந்து வைத்தார், அது ஆறி ஆடை கட்டியது. மூன்று மணியானது. மூன்றேகால் ஆனது. மூன்று இருபத்தைந்துக்குப் போன் அடித்தது. மனைவியின் எண்.

பெரிய முள்ளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ராக்கெட்தான் எடுத்து அவர் காதில் வைத்தார்.

"என்னங்க, வந்து சேந்துட்டேன்" என்றது குரல். "இங்க ஒருத்தனும் ஒழுங்கில்ல. உங்ககிட்ட வேலைக்கு அனுப்பணும் இவங்கள."

அழுகிற குரல் இல்லை. பயந்த குரலும் இல்லை. பஸ்ஸில் மிச்சச் சில்லறை தராத கண்டக்டரோடு சண்டைபோட்டு இறங்கியபோது வரும் அதே சுத்தமான, திடமான குரல். பெரிய முள்ளின் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலயே? மயக்கம் கியக்கம்..."

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். முதல்ல நான் சொல்றதக் கேளுங்க."

ராக்கெட் ஸ்பீக்கரை அமுக்கினார். ஓட்டை வழியாகத் தலையை நீட்டிய இரண்டு கண்டக்டர்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஏறினதும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாராம் அந்த அம்மா. யார் என்ன அறிவித்தார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. அவ்வப்போது ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு இருபதுக்குப் பஞ்சை எடுத்தார். இருபத்தைந்துக்குப் பையைத் தோளில் மாட்டினார். பன்னிரண்டரைக்கு எழுந்து போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார். பணிப்பெண் ஓடிவந்தாளாம்.

"'உக்காருங்கம்மா, இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு'ங்கறா. எனக்கு எப்படி இருக்கும்? ஒரு நிமிஷம் கண்ணு இருட்டிடுச்சுங்க. பொய் சொல்லல. அப்புறம் யோசிச்சேன். எங்க வீட்டுக்காரர் பன்னெண்டரைன்னு சொன்னாரு. அவர் சொன்னா மாறாது. அப்ப இவங்கதான் லேட்டு. ஒண்ணு ரெண்டு நிமிஷமா? ரெண்டரை மணி நேரம். அதையும் கூச்சமே இல்லாம சொல்றா. வந்துச்சே எனக்குக் கோவம்."

"என்ன பண்ணின?"

"'லேட்டுன்னா லேட்டுன்னு ஒத்துக்கம்மா'ன்னேன். 'லேட் இல்ல, பத்து நிமிஷம் முன்னாடியே போறோம்'ங்கறா. பொய்யப் பாருங்க. 'அதெல்லாம் தெரியாது, என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷமா டைம் கீப்பர், லேட்டுக்குக் காரணத்த எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு, அப்பத்தான் சீட்டுக்குப் போவேன்'னு சொல்லிட்டேன்."

கண்டக்டர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"குடுத்தாளா?"

"குடுக்காம? நல்ல பொண்ணு அது. சிரிச்சுக்கிட்டே ஒரு காகிதத்துல எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரமும் போட்டுக் குடுத்துச்சு. பையில பத்திரமா வச்சிருக்கேன்."

"என்ன காரணம் எழுதியிருக்கா?"

காகிதம் பிரியும் சத்தம் கேட்டது. "'தாமதத்துக்குக் காரணம்: தூரம்'னு எழுதியிருக்கு."

ராக்கெட் ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார். இத்தனை வருடம் டயர், ரயில்வே கேட் என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவருக்கு இப்படி ஒன்று தோன்றாமல் போயிற்றே என்று ஆதங்கம். டைம் ஆபீஸே சிரித்தது. பெரிய முள்ளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் பயமா இல்லையா?"

"எங்க பயப்பட? ரெண்டரை மணி நேரமும் அவங்கள மனசுக்குள்ள திட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். கதவு ஞாபகமே வரல."

பெரிய முள் ராக்கெட்டிடமிருந்து போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றவர்கள் புரிந்துகொண்டு நகர்ந்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பேரைக் காரணம் எழுதவைத்தவர் அவர். இப்போது அவருடைய முறை.

"இந்தா பாரு. பிளேன் லேட் இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எறங்கி வந்ததும் பெரிய கடிகாரம் ஒண்ணு மாட்டியிருந்துச்சுங்க. சரியா நீங்க சொன்ன பன்னெண்டரைக்குப் பக்கத்துல காட்டுது. என் கையில மூணு. லேட்ட மறைக்கறதுக்குக் கடிகாரத்தையே திருப்பி வச்சிட்டாங்க, உங்க டிரைவருங்க பண்ற வேலைதான்னு நினைச்சேன். ஒரு ஆளக் கூப்பிட்டுத் திட்டவே பாத்தேன். அப்புறந்தான், நம்ம பொண்ணு ஊர்ல ரெண்டரை மணி நேரம் பின்னாடியாச்சேன்னு உறைச்சுது. அப்படியே அசடு வழிய நின்னேன். மாப்பிள்ளைகிட்டக்கூடச் சொல்லல. உங்க மானம் போயிடும். அதான் ஆபீஸ் ஆளுங்க காதுல விழற வரைக்கும் அவங்களையே திட்டிக்கிட்டு இருந்தேன்."

"என் மேல கோவம் இல்லையா?"

"இருந்த கோவமெல்லாம் அந்தப் பொண்ணு மேல தீந்துபோச்சு. அது எங்கயாவது கண்ணுல பட்டா மன்னிப்புக் கேக்கணும்."

"உன்னை நானே அடைச்சு வச்ச மாதிரி ஆயிடுச்சேன்னு..." என்று ஆரம்பித்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

பின்னால் கார் கதவு சாத்தும் சத்தம், மாப்பிள்ளை யாரிடமோ வழி கேட்கும் சத்தம். பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அஞ்சு மணி நேரம்னு சரியாச் சொல்லியிருந்தீங்கன்னா நான் வீட்டுப் படி தாண்டியிருக்கமாட்டேன். அவ அங்க வீங்குன காலோட ஒத்தையில கெடந்திருப்பா. நான் இங்கருந்து போன்ல அழுதுக்கிட்டு இருந்திருப்பேன். இப்பப் பாருங்க, இன்னும் அரை மணில அவ தலைமாட்டுல இருப்பேன். அழாதீங்க. ஆபீஸ்ல எல்லாரும் பாப்பாங்க."

"அழல."

"சரி, அழல. திரும்பி வரப்பவும் இதே மாதிரி தப்பாவே சொல்லுங்க."

"இனிமே எப்படிச் சொல்ல முடியும்? உனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."

"தெரிஞ்சா என்ன?" என்றார் அந்த அம்மா. "நீங்க சொல்லுங்க. நான் நம்பிக்கிறேன்."